கேட்டலும் சொல்லலும்

தமிழில் 'கேள்வி' என்பது பொருள் செறிந்த சொல். பிறரை வினவுதலும் கேள்வி எனப்படும். பிறர் கூறுவதைச் செவிமடுத்துப் பெறும் அறிவும் கேள்வி எனப்படும். ஒருவர் வாயினின்று புறப்படுவதும் கேள்வி. மற்றொருவர் செவியிற் புகுந்து உள்ளத்தில் தங்குவதும் கேள்வி. இவ்விரு பொருள்களையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், நன்றாகக் கேளாதவனால் நன்றாக விடை கூறவும் இயலாது என்னும் உண்மையை அச்சொல்லிலேயே நமக்கு வைத்துச் சென்றனர் எனலாம். பண்டைக்காலத்து மாணாக்கன் ஆசிரியரிடம் பாடம் 'கேட்டான்' என்று கூறுவதே மரபு.

இவ்வுண்மை வாழ்வில் பெரிதும் பயன்படும் இடங்களுள் ஒன்று, பணி நாடிச் செல்வோர் எதிர்கொள்ளும் நேர்முகத் தேர்வு. இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் படிப்பை முடித்துப் பணி தேடிப் புறப்படுவீர்கள். குறித்த நாளில், குறித்த வேளையில், முன்பின் அறியாத மூவரோ ஐவரோ அமர்ந்திருக்கும் அறைக்குள் தனியே நுழைவீர்கள். பெற்றோரும் உடன் வாரார். ஆசிரியரும் உடன் வாரார். கையிற் புத்தகமும் இராது. நீங்கள் கற்ற கல்வியும், பழகிய பண்பும், நாவன்மையுமே அங்கே உங்களுக்குத் துணை. பல ஆண்டு உழைப்பின் பயன் சிறிது நேரத்தில் தீர்மானிக்கப்படும் இடம் அது. ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அந்த அறையின் வாயிலில் காத்து நிற்பதும் உண்டு.

நன்கு கற்றிருந்தும் நா எழாமையால் பின்தங்கிய இளைஞரை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் அனைவரும் கண்டிருப்பர். விடைத்தாளில் முத்து முத்தாக எழுதிய மாணவன், எழுந்து நின்று சொல் என்றால் தலை கவிழ்ந்து நிற்பான். அவனிடம் அறிவு இல்லாமல் இல்லை; அவ்வறிவுக்கு வெளிவரும் வழி இல்லை. கிணறு நிறைய நீர் இருந்தும் கயிறும் வாளியும் இல்லாதவன் நிலை அது. வேறு சிலரோ, வினாவை முழுதும் கேளாமலே விடையைக் கொட்டுவர். முன்னவனுக்குச் சொல்லும் துணிவு வேண்டும். பின்னவனுக்குக் கேட்கும் பொறுமை வேண்டும். இவ்விரண்டும் பிறவியிலே வருவன அல்ல, பயிற்சியால் வருவன. அவற்றைப் பெறும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

தேர்வின் நோக்கம்

தகுதி அறிந்து ஒருவரைப் பணியில் அமர்த்துதல் நமக்குப் புதிதன்று. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என 51ஆம் அதிகாரத்தையும், 'தெரிந்து வினையாடல்' என 52ஆம் அதிகாரத்தையும் இதற்கெனவே வகுத்தார். ஆராயாமல் ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து தேர்ந்தபின் அவரை ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது அவர் கருத்து. வள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தார் என்பது செவிவழிச் செய்தி. அங்கு அவருக்குக் கோயிலும் உண்டு. அரசன் அமைச்சரைத் தேர்ந்த முறையைக் கூறவந்த அந்நூல், இன்று ஓர் அலுவலகம் எழுத்தரைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொருந்துகின்றது.

நம் நாட்டு மாகாணங்களுள் முதன்முதலாகப் பணியாளர் தேர்வுக்கென ஆணையம் ஒன்றை அமைத்துக்கொண்டது சென்னை மாகாணமே. 1929ஆம் ஆண்டில் அது தோன்றியது. இன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் என வழங்குவது அதன் வழிவந்ததே. இந்திய ஆட்சிப்பணி முதலிய உயர்பணிகளுக்கு ஆள் தேரும் ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம், முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண்களும் நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண்களும் ஆக 2025 மதிப்பெண்கள் வகுத்துள்ளது. அந்நேர்முகத் தேர்வுக்கு 'ஆளுமைத் தேர்வு' என்பது பெயர். குற்றவாளியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது போன்றதன்று அது. நோக்கமுடைய இயல்பான உரையாடலே என்று அவ்வாணையமே விளக்குகின்றது. ஏட்டறிவு எழுத்துத் தேர்வில் முன்னரே அளக்கப்பட்டுவிட்டது. மனத்தெளிவு, நடுநிலை, பிறருடன் இணங்கிப் பணியாற்றும் பாங்கு ஆகியவற்றையே தேர்வாளர் நேரிற் காண விரும்புகின்றனர். ஆதலின், 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்று காட்டும் இடமாக அதனைக் கருதுதல் பிழை. 'என்னுடன் நீங்கள் நம்பிக்கையோடு பணியாற்றலாம்' என்று காட்டும் இடமே அது.

நேர்முகத் தேர்வு குறையற்ற அளவுகோல் என்றும் எண்ண வேண்டா. ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கையில், இரண்டு மூன்று நிமிட உரையாடலுக்கு 150 மதிப்பெண்களுள் 50 ஒதுக்கப்பட்ட வழக்கை 1980ஆம் ஆண்டு ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், நூற்றுக்கு 15க்கு மேல் நேர்முகத்திற்கு ஒதுக்குதல் முறையன்று என உரைத்தது. பரிந்துரையும் பாரபட்சமும் நுழைய இடம் தருவதாகக் கருதி, ஒன்றிய அரசு 2016ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வையே நீக்கிவிட்டது. எனினும், உயர்பணிகளிலும், தனியார் நிறுவனங்களிலும், கல்லூரிகளிலும் அது நிலைத்து நிற்கின்றது. குறையுள்ள அளவுகோலாயினும், அதனால் அளக்கப்படும் நாள் நமக்கு உண்டு. ஆதலின் அதற்கு ஆயத்தமாதல் அறிவுடைமை.

வினாவின் இயல்பு அறிதல்

விடை கூறுவதற்கு முன் வினாவின் இயல்பை அறிதல் வேண்டும். வினா அறுவகைப்படும் என்று நீங்கள் இலக்கண வகுப்பில் பயின்றிருப்பீர்கள். அவற்றுள் அறிவினாவும் அறியா வினாவும் நேர்முகத் தேர்வில் மிகுதியாக வரும். தமக்கு விடை தெரிந்திருந்தும் எதிரியின் அறிவை அளக்க வினவுவது அறிவினா. உண்மையாகவே தமக்குத் தெரியாததை வினவுவது அறியா வினா.

'தமிழ்நாட்டின் நீளமான ஆறு எது?' என்று தேர்வாளர் கேட்பின் அஃது அறிவினா. விடை அவருக்குத் தெரியும். அங்கே ஊகித்து உரைப்பதும், மழுப்பிப் பேசுவதும் பயன் தாரா. தெரிந்தால் கூறுக, தெரியாவிடில் 'ஐயா, இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை' என்று அமைதியாகக் கூறுக. 'இப்பணியை ஏன் விரும்புகிறீர்?' என்று அவர் கேட்பின் அஃது அறியா வினா. உங்கள் உள்ளத்தை அறிந்தவர் அந்த அறையில் உங்களையன்றி வேறொருவர் இல்லை. அங்கே அஞ்சுதற்குக் காரணமே இல்லை. அந்தப் பொருளில் நீங்களே பேரறிஞர். இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்குப் பாதி அச்சம் நீங்கிவிடும்.

மேலும், தமிழ்த் தொடரில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியிலே வருகின்றது. ஆதலால் வினாவின் உயிர் அதன் கடைசிச் சொல்லில் நிற்கும். 'மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தில் கோடையிலும் நீர் வற்றாதிருக்க என்ன செய்யலாம்?' என்று ஒருவர் வினவுகின்றார் எனக் கொள்வோம். 'மயிலாப்பூர்த் தெப்பக்குளம்' என்ற அளவில் செவியை மூடிக்கொண்டவன், கபாலீசுவரர் கோயிலின் பெருமையையும் அறுபத்துமூவர் விழாவையும் விரித்துரைக்கத் தொடங்குவான். அவன் பெயர்ச்சொல்லைக் கேட்டான், வினைச்சொல்லைக் கேட்கவில்லை. இறுதிவரை கேட்டவனோ, மாட வீதிகளில் பெய்யும் மழைநீரைக் குளத்திற்கு வரச்செய்தல், வரத்துக்கால்களைத் தூய்மை செய்தல், சுற்றிலும் நிலத்தடி நீரை அளவின்றி எடுப்பதைக் குறைத்தல் என மூன்று வழிகளைச் சுருங்கச் சொல்லி அமைவான். முன்னவன் பேசிய சொற்கள் மிகுதி. பின்னவன் சொன்ன விடையே விடை.

இவ்வாறே, 'இப்பணியை ஏன் விரும்புகிறீர்?' என்பதும், 'இப்பணிக்கு உம்மை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?' என்பதும் ஒன்று போலத் தோன்றும்; ஒன்றல்ல. முன்னது விருப்பத்தின் காரணத்தை வினவுகின்றது. பின்னது தகுதியின் சான்றை வினவுகின்றது. இரண்டிற்கும் ஒரே விடையைக் கூறுவோன் கேட்கப் பயிலாதவன் ஆவான்.

விடையும் எட்டு வகைப்படும் அன்றோ? சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேர்விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் பொருள் தருவன. நேர்முகத் தேர்வுக்கு நேர்விடையே அழகு. 'ஆம்' எனத் தக்கதற்கு 'ஆம்' என்றும், 'இல்லை' எனத் தக்கதற்கு 'இல்லை' என்றும் முதலிற் கூறிப் பின்பு காரணத்தை உரைத்தல் வேண்டும். வினா எதிர் வினாதல் அவ்விடத்தே பணிவன்று. ஆனால், வினா விளங்காதபோது, 'தாங்கள் வினவியது இன்னது என்று நான் கொண்டது சரிதானா?' எனக் கேட்டுத் தெளிதல் குற்றமும் அன்று. கூச்சப்பட வேண்டுவதும் அன்று. தவறாகப் புரிந்துகொண்டு நெடுநேரம் பேசுவதினும் ஒருமுறை கேட்டுத் தெளிதல் நன்று.

அவை அறிதல்

யாருக்குச் சொல்லுகிறோம் என்பதை அறிந்து அதற்கேற்பச் சொல்லுதலை 'அவை அறிதல்' என்பர். இதற்குக் கணித மேதை சீனிவாச இராமானுசன் வாழ்வில் சிறந்த சான்று ஒன்று உண்டு.

1887ஆம் ஆண்டு பிறந்த இராமானுசன், கணிதம் ஒன்றிலேயே உள்ளத்தைச் செலுத்தியமையால் பிற பாடங்களில் தேறாது, பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு பிழைக்க ஒரு வழி தேடி அலைந்தார். 1910ஆம் ஆண்டின் இறுதியில், நெல்லூர் மாவட்ட ஆட்சித் தலைவராக விளங்கியவரும் கணிதத்தில் ஈடுபாடு உடையவருமான இராமச்சந்திர ராவ் அவர்களைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பருத்த குட்டையான உடல், மழிக்காத முகம், அழுக்கேறிய உடை, கக்கத்தில் கிழிந்த குறிப்பேடு. இந்தத் தோற்றத்தில் கவர்ந்தவை ஒளிவீசும் கண்கள் மட்டுமே என்று இராமச்சந்திர ராவ் பிற்காலத்தில் எழுதினார்.

குறிப்பேட்டில் இருந்த முடிபுகள் இராமச்சந்திர ராவுக்கு உடனே விளங்கவில்லை. 'இவருக்கு விளங்கவில்லையே' என்று இராமானுசன் சலிப்படையவில்லை. புரியாத ஒன்றையே மேலும் உரக்கச் சொல்லவும் இல்லை. கேட்பவர் எந்த அளவுக்கு அறிவார் என்பதை மதிப்பிட்டார். முதலில் எளிய முடிபுகள் சிலவற்றைக் காட்டினார். அவையே அக்கால நூல்களைக் கடந்து நின்றன. பின்னர், படிப்படியாக அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது போல, கணிதத்தின் அரிய பகுதிகளுக்கு நடத்திச் சென்றார். இறுதியில் இராமச்சந்திர ராவ் ஐயம் நீங்கினார். உமக்கு வேண்டுவது யாது என அவர் வினவியபோது, ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுக்குச் சிறிது உணவு கிடைத்தாற் போதும் என்னும் கருத்துப்பட இராமானுசன் விடை கூறினார். அதன்பின் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து உதவினார்.

இங்கே இருவரிடமும் நாம் கற்க வேண்டுவது உண்டு. எளியதினின்று அரியதற்குச் செல்லும் முறை சொல்பவரிடம் அமைந்திருந்தது. தோற்றத்தைக் கண்டு ஒதுக்காமல் பொறுமையோடு கேட்கும் பண்பு கேட்பவரிடம் அமைந்திருந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அந்தச் சந்திப்பு வீணாகியிருக்கும். தூய உடையும் திருந்திய தோற்றமும் வேண்டா என்று இதனாற் கொள்ளற்க. பொருள் உடையவன் அதனை முறைப்படச் சொன்னால் தோற்றத்தின் குறையும் மறையும் என்பதே இதனால் அறியத்தக்கது.

அவை அஞ்சாமை

அஞ்சாமை என்பது ஆரவாரம் அன்று, தற்பெருமையும் அன்று. தன்னிடம் உள்ளதை உள்ளவாறும், இல்லாததை இல்லையென்றும் நடுக்கமின்றிக் கூறுதலே அஞ்சாமை.

இராமானுசன் 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கு எழுத்தர் பணி வேண்டி விண்ணப்பித்தார். தாம் மெட்ரிகுலேஷன் தேறியதையும், அதன் மேற்படிப்பைச் சில இடையூறுகளால் தொடர இயலாமற் போனதையும் அவ்விண்ணப்பத்தில் ஒளிக்கவில்லை. அதே வேளையில், தம் காலமெல்லாம் கணிதத்திலேயே கழிந்தது என்பதையும், தமக்கு அளிக்கப்படும் பணியைச் செவ்வனே செய்ய இயலும் என்னும் நம்பிக்கையையும் தெளிவாக எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அவருடைய ஆற்றலுக்குச் சான்றளித்தார். 1912 மார்ச்சு முதல் நாள் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அவர் பணியில் அமர்ந்தார். குறையை மறைத்துப் பெற்ற பணியன்று அது. குறையையும் நிறைவையும் ஒருங்கே கூறிப் பெற்ற பணி. அங்கிருந்து அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவராகி, 1914இல் இங்கிலாந்து சென்று, 1918இல் இலண்டன் அரசர் கழகத்தின் உறுப்பினராக உயர்ந்தார்.

அவை அஞ்சாமைக்கு மற்றொரு சான்று தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாத ஐயர். கும்பகோணம் அரசினர் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வுபெறும் காலத்தில் ஐயரை அவ்விடத்திற்குப் பரிந்துரைத்தார். பரிந்துரை கதவைத் திறந்தது. உள்ளே அமரச் செய்தது ஐயருடைய புலமையே. அப்பொழுது அவருக்கு அகவை 25 நிறையவில்லை. ஆங்கிலக் கல்வி மிக்க கல்லூரியில், ஆசிரியர் பலர் முன்னிலையில் பாடல்களைச் சொல்லியும் பொருளை விளக்கியும் அவர் தம் தகுதியை நிலைநாட்டினார். 1880 பிப்ரவரியில் 50 ரூபாய் ஊதியத்தில் ஆசிரியரானார். பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டுத் தம் நன்றியைப் புலப்படுத்தினார்.

கேட்கும் பண்பு

ஐயர் வாழ்வில் இதனினும் பெரிய தேர்வு ஒன்று அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. அது பணிக்காக நடந்த தேர்வன்று. ஆயினும் தமிழின் போக்கையே மாற்றியது. கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை, 1880 அக்டோபர் 21ஆம் நாள் ஐயர் சென்று கண்டார். என்ன நூல்களைப் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவராகிய ஐயர், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் எனத் தாம் கேட்ட நூல்களை ஊக்கத்துடன் அடுக்கிக் கூறினார். முதலியார் வியப்படையவில்லை. இவற்றாற் பயன் என்ன என்று கேட்டார். பின்னர், சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டோ என வினவினார்.

கேட்டவர் தமிழ்ப் பேராசிரியர் அல்லர். வழக்குரைக்கும் மன்றத்தில் நீதி வழங்குபவர். கற்றவர் ஒருவருக்கு அவ்வினா சினமூட்டியிருக்கலாம். 'இவர் யார் என்னைக் கேட்க?' என்று எழுந்து போயிருக்கலாம். படித்தேன் என்று பொய் கூறி அப்போதைக்குத் தப்பியும் இருக்கலாம். ஐயர் இவற்றுள் ஒன்றையும் செய்யவில்லை. அந்நூல்கள் தமக்குக் கிடைக்கவில்லை என்ற உண்மையை ஒப்புக்கொண்டார். கிடைப்பின் படித்தறியும் துணிவு தமக்கு உண்டு என்பதையும் புலப்படுத்தினார். இவ்விடையில் பணிவும் உண்டு, தன்னம்பிக்கையும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

முதலியார் சிந்தாமணியின் படி ஒன்றை அளித்தார். ஐயர் அதனைப் படிக்கப் படிக்கத் தமக்கு விளங்காத சமணக் கருத்துகள் பலவற்றைக் கண்டார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரை நாடிச் சென்று, கல்லூரி ஆசிரியர் என்ற எண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, மாணாக்கரைப் போல அமர்ந்து கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் அடுத்தடுத்து வெளிவந்தன. 1942இல் மறைந்த அப்பெரியாரின் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையம், இன்று அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அவர் தேடிய ஓலைச்சுவடிகளைக் காத்து வருகின்றது. ஒரு வினாவை முகங்கோணாமற் கேட்டதன் பயன் அது. அவ்வழியே செல்லும்போது, அக்கட்டடத்தினுட் சென்று அச்சுவடிகளைக் கண்டு வாருங்கள்.

பயிலும் வழி

இனி, இப்பண்புகளைப் பெறும் வழியைக் கூறுவோம். நீச்சல் அறியாதவன் வெள்ளம் வந்த நாளில் நீச்சல் பழக இயலாது. இப்பயிற்சியையும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, உரக்கப் படித்தல். நாளும் செய்தித்தாளின் ஒரு பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும் தெளிவாக ஒலிக்கட்டும். மயிலாப்பூரில் வாழ்ந்து 1946இல் மறைந்த சீனிவாச சாத்திரியாரை 'வெள்ளி நாவினர்' என்று உலகம் போற்றியது. திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றிய அவர் புகழ் பெற்றது திருத்தமான உச்சரிப்பாலும் தெளிந்த நடையாலும் அன்றோ? குரல் உயர்வதனால் கருத்து உயர்ந்துவிடாது.

இரண்டாவது, கேட்டதைத் திரும்பச் சொல்லுதல். மார்கழி இசைவிழாவில் மயிலாப்பூர்ச் சபைகளிலோ தியாகராய நகர் அரங்குகளிலோ வயலின் வாசிப்பவரைக் கவனியுங்கள். பாடகர் ஆலாபனை செய்யும்போது அவர் வில்லை அடக்கிக் கூர்ந்து கேட்பார்; பின்னர் அதே இராகத்தைத் தம் முறையில் வாசிப்பார். கேட்காமல் வாசித்தால் கச்சேரி கெடும். அதுபோல, வகுப்பில் ஆசிரியர் கூறியதை மாலையில் நண்பனிடமோ தங்கையிடமோ மூன்று தொடர்களில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையெனின், நன்கு கேட்கவில்லை என்பது விளங்கும்.

மூன்றாவது, தன்னை அறிதல். நேர்முகத் தேர்வில் பல வினாக்கள் நீங்கள் எழுதிய விண்ணப்பத்திலிருந்தே எழும். பிறந்த ஊர், படித்த பள்ளி, விரும்பும் விளையாட்டு, அண்மையிற் படித்த நூல் ஆகிய ஒவ்வொன்றையும் பற்றி ஐந்து நிமிடம் பேச உங்களால் இயல வேண்டும். நூல் படித்தல் பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டு, ஒரு நூலின் பெயரும் சொல்லத் தெரியாமல் விழிப்பது இரங்கத்தக்கது. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாள்தோறும் இளைஞர் பலர் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கின்றனர். படித்ததைப் பேசிப் பார்க்க நால்வர் கொண்ட ஒரு சிறு அவையையும் அவர்கள் அமைத்துக்கொண்டால் பயன் இருமடங்காகும். ஒருவர் வினவ, ஒருவர் விடை கூற, இருவர் குறை நிறைகளை எடுத்துரைக்கலாம்.

நான்காவது, மொழி பற்றிய அச்சத்தை நீக்குதல். தமிழ்வழியிற் பயின்றோர் பலர், ஆங்கிலத்திற் பேச வேண்டுமே என்ற ஏக்கத்தால் தாம் அறிந்ததையும் மறந்துவிடுகின்றனர். ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் உயர்தேர்விலேயே தமிழில் நேர்முகத் தேர்வை எதிர்கொள்ள வழியுண்டு. விதி இடம் தரும் இடத்தில் தாய்மொழியில் பேசத் தயங்க வேண்டா. ஆங்கிலமே வேண்டும் பணியாயின், அதனையும் முயன்று கற்றல் வேண்டும். சிறு சிறு தொடர்களால் பிழையின்றிப் பேசுதல், நீண்ட தொடரில் சிக்கித் தவிப்பதினும் மேலானது.

தேர்வு நாளில் நினைவிற் கொள்ள வேண்டியவை சில. அரைமணி முன்னதாகவே சென்று சேர்க. அனுமதி பெற்று உள்ளே நுழைந்து, வணக்கம் கூறி, அமரச் சொன்னபின் அமர்க. வினவுவோரின் முகத்தை நோக்குக. வினா முடியும்வரை வாய் திறவாதிருக்க. முடிந்தபின் ஓரிரு நொடி எண்ணுக. அந்த மௌனம் குறையன்று, சிந்தனையின் அறிகுறி. இருவர் மாறுபட்டுப் பேசினும் ஒருவர் பக்கம் சாராது உங்கள் கருத்தைக் காரணத்துடன் கூறுக. ஒரு வினாவிற்கு விடை தெரியாமற் போயின், அவ்விழப்பை எண்ணி அடுத்த வினாவையும் இழந்துவிடாதீர்கள். விடைபெறும்போது நன்றி கூறுதல் மறவற்க.

முடிவு

இத்தனையும் செய்தும் சில வேளைகளில் பணி கிட்டாமற் போகலாம். இடம் ஒன்றாக, வருவோர் நூற்றுவராக இருப்பின், தொண்ணூற்று ஒன்பதின்மர் திரும்பத்தானே வேண்டும்? அவர்கள் எல்லாரும் தகுதியற்றவர் அல்லர். இராமானுசன் துறைமுகத்து நாற்காலியை அடையும் முன் எத்தனை வாயில்களில் நின்றார்! திரும்பி வரும் வழியில், 'எவ்வினாவை நான் சரியாகக் கேட்கவில்லை? எவ்விடையை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம்?' என்று எண்ணிப் பார்ப்பவனுக்கு அத்தோல்வியும் ஓர் ஆசிரியனாகும்.

மேலும், கேட்டலும் சொல்லலும் பணி பெறுவதற்கு மட்டும் உரியன அல்ல. பணியில் அமர்ந்தபின், குறையோடு உங்கள் மேசைமுன் வந்து நிற்கும் ஏழை முதியவரின் சொல்லை இறுதிவரை கேட்கவும், அவருக்கு விளங்கும்படி விடை சொல்லவும் அப்பண்புகளே வேண்டும். அன்று நீங்கள் தேர்வாளர் முன் அமர்ந்தது போலவே அவர் உங்கள் முன் நிற்பார். அவரிடம் பொறுமையும் இன்சொல்லும் காட்டுவதே நீங்கள் உண்மையாகத் தேர்ச்சி பெற்றமைக்கு அடையாளம்.

ஆதலின், மாணவர்களே! செவியைத் திறந்து கேளுங்கள், உள்ளத்தில் ஆராயுங்கள், உண்மையைத் துணிந்து சொல்லுங்கள். நாளை நீங்கள் நுழையும் அறைகள் எத்தனையாயினும், அவற்றுள் அச்சமின்றி நுழைந்து, மதிப்போடு வெளிவருவீர்களாக!